ஆயுத பூசையன்று அளந்த வண்டி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நான் ஏதாவது பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நாலு பேர் எதிரே நின்றாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். மறைமலைநகரில் வேலை பார்த்த பதினோரு வருடமும் ஊரப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போய் வந்தேன். ஒரு நாள்கூட "இங்கே நிறுத்துங்க" என்று சத்தமாகச் சொன்னதில்லை. என் நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் இறங்கவில்லை என்றால் பேசாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். அப்படிப்பட்டவள். அதனால் பேசவில்லை, எழுதித் தருகிறேன்.

என் கட்டைவிரல் மூட்டு இப்போது அரத்தைப் பிடிக்க விடுவதில்லை. இந்த மாதத்தோடு நிற்கிறேன். நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். அச்சு வார்ப்பது, மோட்டார் பொருத்துவது எல்லாம் பட்டறையில் இருக்கிறவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வண்டியை இன்று நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம்.

நீங்கள் வந்த முதல் நாளே தடத்தில் கார் ஓட்டிப் பார்த்தீர்கள். பலகையில் காடி என்று ஒரு நீளப் பள்ளம் வெட்டியிருக்கிறது. காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் முளை அந்தக் காடிக்குள் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒட்டிய செம்புப் பட்டையிலிருந்து கரண்ட் வருகிறது. கையில் இருக்கும் விசையை அழுத்தினால் ஓடும், வளைவில் கூடுதலாக அழுத்தினால் தடத்தை விட்டுப் பறக்கும். ஸ்லாட் கார் என்றால் அவ்வளவுதான். ஆனால் நாம் செய்வது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அளவில் என்னையே செய்தால் சுண்டுவிரல் உயரம்தான் வருவேன். நம் மேசையில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ரோட்டில் அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல். எல்லாப் பேஜாரும் இங்கேதான் தொடங்குகிறது.

மறைமலைநகரில் நான் பார்த்தது ஆய்வு மேசை வேலை. கையில் மில்லிமீட்டரையும் பிரித்து அளக்கும் வெர்னியர், எதிரே உதிரி பாகங்கள். எண் சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். வேறு கேள்வி கிடையாது. அந்த வேலை போன பிறகுதான் சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தேன். நாலு வருடம் டயர் ஒட்டினேன், உப்புத்தாள் தேய்த்தேன், பெட்டி கட்டினேன். பெட்டி மூடிகளின் உள்பக்கத்தில் பென்சிலால் வண்டிகளை வரைந்து பார்ப்பேன். யாரிடமும் காட்டியதில்லை. ஒரு நாள் முதலாளி ஒரு மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியிலிருந்து கேட்டிருந்தார்கள். விருந்தினர் விளையாட ஒரு கூடத்தில் தடம் போடப் போகிறார்கள். ஓடுவதெல்லாம் வெளிநாட்டு ரேஸ் காராக இருக்கக் கூடாது, இந்தக் கரையில் ஓடுகிற வண்டிகளாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் பார்த்ததும் "இது நம்ம வண்டி" என்று சொல்ல வேண்டும். முதல் மாதிரியாக அவர்கள் கேட்டது மீன் ஏற்றும் குட்டியானை. ரோட்டில் நாம் எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிற அந்தச் சின்ன லாரிதான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஜெயந்தி, இந்த வண்டியை நீயே அளந்து, நீயே வரைஞ்சு, நீயே செய். நல்லா வந்தா ஜன்னலோர வரைபட மேசை உனக்கு. வரலைன்னா பழையபடி டயர் ஒட்டு" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஜன்னல் பக்கம் போய் அந்த மேசையைத் துணியால் துடைத்துவிட்டு வந்தேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

வண்டிக்கு ஆள் பிடித்துத் தந்தவர் நம் தடத்தில் வண்டி ஓட்டிச் சோதிக்கும் பாஸ்கர். அவர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் தருகிறவர் அஞ்சலை அக்கா. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம். கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, மறைமலைநகர்க் கடைகள் வரைக்கும் தன் குட்டியானையைத் தானே ஓட்டி வருகிறவர். வண்டி தினமும் ஓட்டத்தில் இருக்கும். "ஒரு நாள்தான் வண்டி அசையாம நிக்கும். ஆயுத பூசைக்கு வா" என்று சொல்லியனுப்பினார். எனக்கும் அது நல்ல யோசனையாகத் தோன்றியது. நிற்கிற வண்டியைத்தானே அளக்க முடியும்?

போய்ப் பார்த்தால் வண்டி பளபளவென்று நின்றது. கழுவி, டயருக்குக் காற்று நிறைய அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளியே நின்றேன்.

"இன்னாம்மா, மாப்ள வூட்டாரு மாதிரி தள்ளியே நிக்கிற? வண்டி தானே, கடிக்காது. கிட்ட வா" என்றார் அஞ்சலை அக்கா.

அளந்தேன். நீளம், அகலம், உயரம், சக்கரத்துக்குச் சக்கரம், கண்ணாடியின் சாய்வு. டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று டேப் நுழையாத இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் நுழைந்தது. எழுதிக்கொண்டேன். பின்தட்டில் நாலு மூலையில் துருவேறிய நாலு தடங்கள் இருந்தன. ஏதோ கனமான ஒன்று எப்போதும் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் துருவின் நீள அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டேன். "அக்கா, இங்கே என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்றரை மாதம் செய்தேன். எல்லா எண்ணையும் முப்பத்திரண்டால் வகுத்து, அரை மில்லிமீட்டர்கூட விலகாமல். முன்கண்ணாடியில் "கன்னியம்மன் துணை" என்ற எழுத்தைக்கூட ஊசி முனையால் எழுதினேன். முதலாளி வெர்னியரை வைத்துப் பதினாறு இடத்தில் பார்த்தார். பதினாறும் சரி. விடுதிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பாஸ்கர் தடத்தில் வைத்து விசையை அழுத்தினார். முதல் வளைவு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது வளைவில் வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.

"அக்கா, உன் யானைக்குத் தூக்கம் வந்துடுச்சு" என்று பாஸ்கர் என்னிடம் சொன்னார்.

மெதுவாக ஓட்டினாலும் அங்கேதான் படுத்தது. ஒல்லியான வண்டி, உயரமும் அதிகம். அடியில் கனம் வேண்டும். ஈயப் பட்டையை இரண்டு பக்கமும் அடியில் தொங்கவிட்டால் நிற்கும். ஆனால் அந்த வண்டிக்கு அடிப்பக்கம் முழுவதும் வெளியே தெரியும். ஈயம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்.

"சக்கரத்தை ரெண்டு பக்கமும் மூணு மில்லி வெளிய தள்ளு. நின்னுடும்" என்றார் முதலாளி.

"அளவு போயிடும் சார்."

"எல்லா வண்டியிலயும் டயரை அரை மில்லி அகலமாத்தானே போடறோம்? அது மட்டும் அளவா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாம் எல்லோரும் கொஞ்சம் ஏமாற்றுகிறோம் என்பது உண்மைதான். முளை எந்த நிஜ வண்டியிலும் இல்லை. மோட்டாருக்கு இடம் விட்டு ஓட்டுநரை மார்போடு வெட்டித்தான் உட்கார வைக்கிறோம். அப்படியிருக்க இதை மட்டும் ஏன் என் மனசு ஏற்கவில்லை? "நாளைக்குக் காலையில அஞ்சலை அக்கா வரேன்னாங்க. அவங்க பாக்கட்டும் சார்" என்றேன். நேரம் கடத்தத்தான் அப்படிச் சொன்னேன். உள்ளுக்குள், வண்டியைப் பார்த்ததும் அவர் மெச்சுவார், அந்தத் தைரியத்தில் ஏதாவது தோன்றும் என்று ஓர் ஆசை.

சனிக்கிழமை காலையில் கடைகளுக்குப் போகும் வழியில் அஞ்சலை அக்கா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நான் மாதிரியைத் தடத்தின் மேல் வைத்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டேன்.

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "யாரு வண்டி இது?"

"உங்களுதுதான்க்கா" என்றார் பாஸ்கர்.

"நம்பரு என்னுது. எழுத்து என்னுது. வண்டி என்னுது இல்லடா."

"இன்னாக்கா, பதினாறு எடத்துல அளந்து பாத்துகீறோம்" என்றார் பாஸ்கர்.

"நீ நூறு எடத்துல அள. இது பாரு, பின்னால எம்பிகினு நிக்குது. கலியாண வூட்டுக்கு ஹை ஹீல்ஸ் போட்டுகினு வந்தவ மாதிரி. என் வண்டி இப்புடியா நிக்கும்? அத்த வுடு, நல்லாத்தான் கீது. யாரு வண்டியோ நல்லாக் கீது." என்னைப் பார்த்து, மனசு நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "கலரு ஜோரா கீதும்மா" என்று சேர்த்துக்கொண்டார். பிறகு, "ஐஸு கரையுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதலாளி சொன்னார்: "சரி ஜெயந்தி. விடுதிக்காரங்களுக்கு அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியாது. சக்கரத்தைத் தள்ளிவிட்டுச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஜன்னலோர மேசையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று என்னை எழுப்பி வாசலுக்கு இழுத்தது. குட்டியானை கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்தட்டில் பெரிய ஐஸ் பெட்டி. அதன் மேல் போர்த்திய நீலத் தார்ப்பாய் இரண்டு பக்கமும் படுதா மாதிரி கீழே தொங்கியது. வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது. வண்டி பின்னால் அமுங்கி, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, தம் கட்டிக்கொண்டு போனது. நான் அளந்த வண்டி அது இல்லை. நான் அளந்தது வருடத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் சாமி கும்பிட மட்டும், அப்படி நிற்கிற வண்டி!

"நிறுத்துங்க!"

கத்தியது நான்தான். பதினோரு வருடம் பஸ்ஸில் சொல்லாதது எல்லாம் சேர்ந்து வந்ததுபோல் அப்படி ஒரு சத்தம். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி பிரேக் போட்டு நின்றது.

"இன்னாம்மா, வண்டில யாராவது மாட்டிகினாங்களா?" என்று அஞ்சலை அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அக்கா, அளக்கணும். பத்து நிமிஷம்."

"மீனு நாறிப்போச்சுன்னா மொத்தத்தையும் உன் வூட்லதான் கொட்டுவேன், பாத்துக்க."

"கொட்டுங்க!"

ரோட்டோரத்தில் மண்டியிட்டேன். டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே விரலை விட்டேன். அன்றைக்கு நாலு விரல் நுழைந்த இடம். இன்றைக்கு ஒரே விரல்! மூன்று விரல் என்றால் ஐந்து சென்டிமீட்டர். நம் மேசையில் ஒன்றரை மில்லிக்குச் சற்று மேல். வெர்னியருக்குத் தெரியாமல் போன பதினேழாவது இடம் அதுதான். இந்த முறை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெட்டி எப்போதும் இங்கேதானா? தார்ப்பாய் எதுவரை தொங்கும்? திரும்பிப் போகும்போது பெட்டியை இறக்குவீர்களா?

"எறக்கறதா? பூசைக்கு மட்டும் எறக்கிக் காய வெப்பேன். அத்த ஏன் அன்னிக்கே கேக்கல?"

"கூச்சமா இருந்துச்சுக்கா."

"நல்லாக் கீதே கத! இப்ப மட்டும் ஊரே கேக்கக் கத்துன?"

அந்தத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தபோதே இரண்டாவது விஷயமும் எனக்குத் தட்டியது. வண்டியின் அடிப்பக்கம் தெரியவே இல்லை! தார்ப்பாய் மறைத்திருந்தது. அப்படியென்றால் ஈயத்தை அங்கே தொங்கவிடலாம். சக்கரத்தை ஒரு மில்லிகூட வெளியே தள்ள வேண்டாம். அஞ்சலை அக்காவின் கண்ணுக்கு எது சரியோ அதுதான் வளைவிலும் வண்டியைக் காப்பாற்றப் போகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே ஓடினேன்.

"சார், சக்கரத்தைத் தள்ள மாட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் விடுங்க."

"தள்ளாம எப்படி நிக்கும்?"

"லோடு ஏத்தறேன் சார்!"

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நாலு வருடத்தில் நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு மத்தியானம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார்.

பின்பக்கத்தை ஒன்றரை மில்லி இறக்கினேன். டயர் உரசாமல் இருக்க மேல்வளைவை உள்பக்கம் சுரண்டினேன். வெளிப்பக்கத்தில் கைவைக்கவில்லை. பட்டறையில் ஈயப் பட்டை தீர்ந்திருந்தது. பாஸ்கர் குப்பத்துக்கு வண்டியை விட்டு, வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒரு கை நிறைய வாங்கி வந்தார். சுத்தியலால் தட்டித் தகடாக்கி, தரையைத் தொடாத அளவுக்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் தொங்கவிட்டோம். ஐஸ் பெட்டி மேலே இருப்பதால் அதில் கனம் கூடாது. அதை வெறும் அட்டையில் செய்தேன். தார்ப்பாய்க்கு முதலில் துணியை வைத்துப் பார்த்தேன், கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. துணியின் நூலை முப்பத்திரண்டால் வகுக்க முடியாது, பாருங்கள். கடைசியில் செருப்புப் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைப் பசையில் நனைத்து மடித்துத் தொங்கவிட்டு நீலம் பூசினேன்.

இப்போது முதலாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எதை ஏமாற்றலாம், எதை ஏமாற்றக் கூடாது? வண்டிக்குச் சொந்தக்காரர் கண் போகாத இடத்தில் அரை மில்லி எடுத்துக்கொள்ளலாம். அவர் கண் போய் நிற்கும் இடத்தில் ஒரு மயிரிழையும் எடுக்கக் கூடாது. அவர் கண் எங்கே போகும் என்பது டேப்பில் வராது. கேட்டால்தான் வரும். கேட்கக் கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடு கேளுங்கள். இன்னொன்று: ஆயுத பூசைக்குப் போனால் பொரி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். டேப்பை எடுக்காதீர்கள். அடுத்த நாள், வண்டி அழுக்காகி, லோடு ஏறி, அவசரத்தில் நிற்கும்போது போய் அளங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. வெர்னியரை வைத்து முதலாளி மறுபடி பார்த்தார். இரண்டு மணிக்கு அஞ்சலை அக்கா வந்தார். மீன் விற்று முடித்த கையோடு, தங்கையையும் தங்கை புருஷனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் இந்த முறை ஒதுங்கவில்லை. மாதிரியைத் தடத்தில் வைத்தேன்.

மேலேயிருந்து பார்த்த அஞ்சலை அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அக்கா, குனிஞ்சு பாருங்க. ரோட்ல நின்னு பாக்கற மாதிரி" என்றேன். அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். மோவாயைத் தடத்துப் பலகையின் விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் குனிந்து மோவாயை வைத்தேன். இரண்டு பேர் மூச்சிலும் அந்தத் தாள் தார்ப்பாய் லேசாக ஆடியது.

பாஸ்கர் விசையை அழுத்தினார்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் குட்டியானை வளைவைத் தாண்டி, பின்னால் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாஸ்கருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வேகத்தைக் கூட்டினார். பதினோராவது சுற்றில் மூன்றாவது வளைவை அவர் முழு வேகத்தில் எடுத்தார். வண்டி லேசாக ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்தது.

"அடேய் பாஸ்கரு, மெல்லப் போடா!" என்று பலகையைத் தட்டிக் கத்தினார் அஞ்சலை அக்கா. "மீனெல்லாம் சாயுது!"

முதலாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஜன்னலோர மேசையில் கிடந்த அவருடைய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் வைக்க ஆரம்பித்தார். நான் நிமிரவில்லை. மோவாய் பலகையில் இருந்தபடியே அந்த ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு மீனும் இல்லை. வெறும் அட்டைதான்.